ஐந்நூற்று இருபத்துமூன்று

இஸ்ஸதீன் பிந்துகிறார் என்றுதான்
நானும் நினைத்தேன்.

துஷ்யந்தி ஹெட்போனைக் கழற்றிச் சொன்னாள்:
"டோலக் இழுபடுது அக்கா,
என்ர சொல்லுக்குப் பின்னால நொண்டிக்கொண்டு வருது."
சைனாபே மாவு ஆலையில் இரவு வேலை முடித்து
இமைமயிரில் வெள்ளை ஒட்டியபடி வந்திருந்தவரிடம்
"நித்திரையோ?" என்று கேட்டேன்.
பகிடிக்குத்தான்.
அவர் சிரிக்கவில்லை.
கயிற்றை இன்னொருமுறை இறுக்கினார்.

மூன்று தரம் வாசித்தார்.
மூன்று தரமும் ஒரே அளவு பிந்தல்.
களைத்த மனிசன்
ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு மாதிரியல்லவா பிந்துவான்?
அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"என்ட அடிய எனக்கும் கேக்க விடுங்க" என்றார்,
"மெசினுக்குள்ள போய் வாறத."
விட்டேன்.
தன் கையின் ஓசை
கையை விட்டுப் பின்தங்கி வருவதை
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு
நாலாம் தரம் வாசித்தார்.
கச்சிதம்.
"பாத்தீங்களா, மனம் வைச்சால் ஏலும்"
என்று வேறு சொன்னேன்.

அன்றிரவு ஓர்ஸ் ஹில்லில் கரண்ட் போய் வந்தது.
கீழே துறைமுகத்தில் கோதுமைக் கப்பலொன்று
விளக்கெரித்துக் காத்துக்கிடந்தது.
குப்பைத் தொட்டியடியில் மான் இரண்டு
யாரோ வீசிய சோற்றுப்பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தன.
நான் ஒரு முழ வயரை எடுத்து
சத்தம் வெளியே போகிற துளையையும்
உள்ளே வருகிற துளையையும்
ஒன்றோடொன்று கோர்த்தேன்.
நடுவில் மைக் இல்லை, காற்று இல்லை,
களைத்த மனிசர் எவரும் இல்லை.
ஒரேயொரு 'டிக்'கை அனுப்பினேன்.

பிந்தித்தான் வந்தது.

திரையைப் பெருப்பித்துப் பெருப்பித்து எண்ணினேன்:
ஐந்நூற்று இருபத்துமூன்று சாம்பிள்.
ஒரு செக்கனை நூறாய் நறுக்கினால் ஒரு துண்டும் கொஞ்சமும்.
பிந்தலே இல்லையென்று
மென்பொருள் அதுவரை சாதித்துக்கொண்டிருந்தது.
அவ்வளவு நேரத்தில் சத்தம்
நாலு மீற்றர் நடக்குமாம்.
அளந்து பார்த்தேன், என் அறையில்
மைக்கிலிருந்து நாலு மீற்றர் என்றால்
கதவுக்கு வெளியே,
செருப்புகள் கழற்றி வைக்கிற இடம்.
மூன்று தரமும் அவரை அங்கேதான்
இருத்தி வைத்திருக்கிறேன்.

துஷ்யந்தி?
அவள் முதலில் பாடியவள், வெறும் அமைதியில்.
முதலில் வருகிறவருக்குப்
பிந்த வழியே இல்லை.

கட்டத்தில் கழித்தல் குறி போட்டு
எண்ணை எழுதினேன்.
பழைய ஒலித்தடங்களையும்
அதேயளவு முன்னே நகர்த்தினேன், ஒவ்வொன்றாய்.
முதலாவது, சொல்லோடு தோள் சேர்ந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதில் கடைசித் தீர்மானம்
அவளுடைய மூச்சின் நுனியில் போய் விழுந்தது, ஐயோ.
நாலாவதை நகர்த்தினால்
பாட்டுக்கு முன்னே ஓடுகிறது.
திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
என் பெட்டி எவ்வளவு பிந்தும் என்பதைக்
காதாலேயே அளந்து
அவ்வளவும் முந்தி அடித்திருக்கிறார் மனிசன்,
பன்னிரண்டு நிமிடம், ஒரு வார்த்தை முறைப்படாமல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்.
சொன்னேன். வயரைக் காட்டினேன், எண்ணைக் காட்டினேன்.
"பிழை என்ர பெட்டியில" என்று தொடங்கி
"என்னில" என்று முடித்தேன்.
தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு கேட்டார்:
"அந்த நாலாவத அழிச்சிட்டீங்களா?"
இல்லை.
"அதப் போடுங்க. மத்ததெல்லாம் சும்மா வாசிச்சது."

இரண்டாவதுதான் நல்லது.
விரல்கள் விளையாடுவது அதில்தான்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்,
கப்பல் ஊதியது, அடங்கும்வரை இருவரும் இருந்தோம்.

நாலாவதையே வைத்தேன்,
அது கிடந்த இடத்திலேயே.
அதில் எதையும் கழிக்கவில்லை.
துஷ்யந்திக்கு இன்னும் சொல்லவில்லை.